இளவட்டக்கல் தூக்கிய நெஞ்சு

இளவட்டக்கல் என்பது உருண்டையாகக் கொத்தி வழவழப்பாக்கிய கருங்கல். தென் மாவட்டக் கிராமங்களில் கோயில் வாசலிலோ மந்தையிலோ சாவடியை ஒட்டியோ அது கிடக்கும். பிடித்துத் தூக்க ஒரு காதோ பள்ளமோ இருக்காது. அதன் கடினமே அதில்தான் இருக்கிறது. குனிந்து இரு கைகளாலும் அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, அங்கிருந்து நெஞ்சுக்கு உருட்டி, நெஞ்சிலிருந்து தோளுக்குக் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால் போட வேண்டும். சில ஊர்களில் தோளில் வைத்தபடியே சுற்றி வரவும் வேண்டும். இளவட்டம் என்றால் இளைஞர். கல்லுக்குக் கல்யாணக் கல் என்றும் ஒரு பெயர் உண்டு. பெண் கேட்டு வருகிறவன் அதைத் தூக்கிக் காட்டினால்தான் பெண் என்பது வழக்கு. கதையில் வரும் அளவுக்கு எல்லாக் கல்யாணமும் கல்லில் போய் முட்டியிருக்காது. ஆனாலும் ஒரு ஆளின் உழைப்பைப் பார்வையால் அல்லாமல் எடையால் அளக்க ஊர் ஒரு கருவி வைத்திருந்தது என்பது உண்மை. திருநெல்வேலி மாவட்டத்தின் வடலிவிளையில் பொங்கலையொட்டி இன்றும் இளவட்டக்கல் போட்டி நடக்கிறது. நூறு கிலோவைத் தாண்டும் கற்களை ஆண்கள் தூக்குகிறார்கள். பெண்களும் தங்களுக்கான கற்களைத் தூக்குகிறார்கள்.

தூக்குகிறவனைச் சுற்றி நிற்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: தம் கட்டு. மூச்சை உள்ளே இழுத்து, தொண்டையை அடைத்து, வயிற்றை இறுக்கிக்கொண்டுதான் அந்தக் கல்லை மண்ணிலிருந்து பெயர்க்க முடியும். அந்தச் சில நொடிகளில் உடம்புக்குள் நடப்பதை மருத்துவம் மிகப் பிந்தித்தான் அளந்தது. தசைகள் இறுகும்போது அவற்றின் ஊடாக ஓடும் இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. இதயம் அந்த அடைப்பை எதிர்த்து இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. இரத்த அழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. 1985இல் கனடாவில் டங்கன் மக்டூகலும் அவருடைய குழுவினரும், கனமான எடையை இரு கால்களாலும் தள்ளிய பயிற்சி பெற்ற ஆட்களின் தமனிக்குள்ளேயே குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி 320/250 வந்தது. ஒருவருக்கு 480/350ஐயும் தாண்டியது. ஓய்வில் 120/80 என்றால் நலம் என்று சொல்லும் அதே அளவுகோல்தான் இது.

ஊர்ப் பெரியவர்களின் ‘தம் கட்டு’ இங்கே வேறொரு வேலையும் செய்கிறது. மூச்சை அடைக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் அழுத்தம் ஏறுகிறது. அது இதயத்தின் சுவரை வெளியிலிருந்து தாங்கிக்கொள்கிறது. அதனால் தமனியில் தெரியும் பயங்கரமான எண் முழுவதும் இதயத் தசையின் மேல் பாரமாக விழுவதில்லை. எடை தூக்குகிறவர்கள் பலருடைய இதயச் சுவர் எதிர்பார்த்த அளவு தடிக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று பின்னாளில் விளக்கப்பட்டது. இந்த அடைப்பை நெடுநேரம் வைத்திருந்தால் இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைந்து தலை சுற்றும். மூச்சைப் பிடிப்பதைப் போலவே அதை விடுவதும் காலம் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம்.

கல்லுக்கு எதிர்முனையில் இருப்பது ஓட்டம். தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூருக்குத் தென்மேற்கே உள்ள செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்தது. திருவிதாங்கூருக்குச் சொந்தமாக அஞ்சல் துறை இருந்தது. அது 1951இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. அந்த அஞ்சலின் அடையாளமே மணி கட்டிய கோலோடு பையைச் சுமந்து ஓடிய அஞ்சலோட்டக்காரர்தான். மணியோசை கேட்டால் வழி விட வேண்டும். கிழக்கே ஆங்கிலேய ஆட்சிப் பகுதியிலும் தபால் ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் ஓடி அடுத்தவர் கையில் பையைக் கொடுக்க, அவர் அதற்கடுத்தவரிடம் கொடுக்க, கடிதம் ஊர்விட்டு ஊர் போனது. 1904இல் கொல்லம்–செங்கோட்டை மலைப்பாதையிலும் 1927இல் விருதுநகர்–தென்காசி பாதையிலும் ரயில் வந்தபின் நெடுவழிகளில் அந்தக் கால்களுக்கு வேலை குறைந்தது. கடையநல்லூர் இரண்டாவது பாதையில் இருக்கிறது.

கல் தூக்குகிறவனுக்கும் கடிதம் சுமந்து ஓடுகிறவனுக்கும் இதயத்தின் மேல் விழும் பாரம் ஒரே வகையானது அல்ல. ஓடும்போது கால் தசைகளில் குழாய்கள் திறக்கின்றன, எதிர்ப்பு குறைகிறது, ஏராளமான இரத்தம் இதயத்துக்குத் திரும்பி வருகிறது. அங்கே பாரம் என்பது கொள்ளளவு; கல்லில் பாரம் என்பது அழுத்தம். ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் இறைக்கிறது. பயிற்சி இல்லாத இளைஞர் முழு மூச்சாக ஓடினால் 20 லிட்டர் அளவுக்குப் போகும். உலகத் தரத்து நெடுந்தூர ஓட்டக்காரர்களிடமும் பனிச்சறுக்கு வீரர்களிடமும் அது 35 லிட்டருக்கு மேலும் போயிருக்கிறது. உச்சத் துடிப்பு எண்ணிக்கை இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வேறுபாடு முழுவதும் ஒரு துடிப்புக்கு எவ்வளவு என்பதில்தான் இருக்கிறது.

கடையநல்லூரின் உடம்பு கல்லாலும் ஓட்டத்தாலும் மட்டும் ஆனதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து கொல்லத்துக்குப் போகும் சாலையில், புளியங்குடிக்கும் தென்காசிக்கும் இடையே இருக்கும் ஊர் இது. முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். ஊரை ஒட்டிய கிருஷ்ணாபுரத்தில் பெயர்பெற்ற ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களில் தொங்கும் அதே தெய்வம். வயல் வேலைக்கு அடுத்தபடி ஊருக்குப் பேர் சொன்னது கைத்தறி. குழித்தறியில் உட்கார்ந்தவர் கால்களால் மிதித்து, கையால் நாடாவை எறிந்து, நாளெல்லாம் ஒரே தாளத்தில் அசைவார். இதயத்துக்கு அது மிதமான வேலை. நடை இருந்தது பாவில். பாவு ஓடுதல் என்று தறிக்காரர்கள் சொல்லும் வேலையில், நட்ட குச்சிகளினூடே நூலை விட்டுக்கொண்டே தெருவின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் போய்த் திரும்ப வேண்டும், ஒரு பாவு முடிய எத்தனை நடையோ அத்தனை. அதைப் பயிற்சி என்று யாரும் சொன்னதில்லை. வாரத்தில் பல நாள், வருடக்கணக்கில், மூச்சு முட்டாத வேகத்தில் நடப்பது என்ற அளவில், பின்னாளில் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கத் தொடங்கிய சீட்டுக்கு அது மிக அருகில் இருந்தது.

நெசவு நொடித்தபோது ஊர் கடல் கடந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் சிங்கப்பூருக்குப் போயின. தனி ஆண்களாக மட்டுமல்லாமல் குடும்பமாகவே போனது அவர்களை மற்ற பல தமிழ்க் குடியேறிகளிடமிருந்து வேறுபடுத்தியது. தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டி அவர்கள் வாழ்ந்தார்கள். ஆண்களில் பலர் துறைமுகத்தில் உடல் உழைப்பு வேலை செய்தார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது. அதே அமைப்பு 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அந்தப் பள்ளி 1982 வரை நடந்தது. மூட்டை தூக்கியவர்களின் பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளி அது.

துறைமுகத் தொழிலாளியின் இதயத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு வந்தது வேறொரு துறைமுகத்திலிருந்து. சான் பிரான்சிஸ்கோவில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கிய 6,351 ஆண்களை ரால்ப் பாஃபன்பர்கர் 1951 முதல் 22 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1975இல் முடிவை வெளியிட்டார். வேலையின் கனத்தை வைத்து அவர்களைக் கனமான, நடுத்தர, இலகுவான வேலைக்காரர்கள் என்று மூன்றாகப் பிரித்தார். ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு இதயத் தமனி நோயால் இறந்தவர்கள் கனமான வேலையில் 26.9, நடுத்தரத்தில் 46.3, இலகுவானதில் 49.0. இதற்கு முன்பே, 1953இல், லண்டனில் ஜெரி மாரிஸ் பேருந்துத் தொழிலாளர்களைப் பார்த்திருந்தார். மாடிப் பேருந்தின் படிகளில் நாளெல்லாம் ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களுக்கு இதய நோய் அதிகம் இருந்தது. ஆனால் பின்னர் அவரே சீருடை அளவுப் பதிவேடுகளைப் புரட்டியபோது ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு முதலிலிருந்தே பெரிது என்று தெரிந்தது. பருமனானவர்களே ஓட்டுநர் இருக்கைக்குப் போயிருக்கலாம். வேலை உடம்பை ஆக்கியதா, உடம்பு வேலையைத் தேர்ந்ததா என்ற இந்தக் கேள்வி உழைப்பையும் இதயத்தையும் பற்றிய எந்த ஆய்வையும் விட்டுப் போகவில்லை. இளவட்டக்கல்லுக்கும் அது பொருந்தும்: கல் தூக்கியதால் பலசாலி ஆனானா, பலசாலி என்பதால் கல்லிடம் போனானா?

பயிற்சிக்கும் கூலி உழைப்புக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. பயிற்சியில் பாரம் படிப்படியாக ஏறுகிறது, நடுவே ஓய்வு இருக்கிறது, அதன்பின் சாப்பாடும் தூக்கமும் இருக்கின்றன. கூலி வேலையில் பாரத்தை முடிவு செய்வது கப்பல். ஓய்வை முடிவு செய்வது கங்காணி. பிற்கால ஐரோப்பிய ஆய்வுகள் பலவற்றில், ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி இதயத்தைக் காத்தாலும் வேலையிடத்தின் கடும் உழைப்பு அதே அளவுக்குக் காப்பதாகத் தெரியவில்லை. பாஃபன்பர்கரின் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டை தூக்குவது உடம்புக்கு நல்லது என்று சொல்கிறவர், அந்த மூட்டையை ஒரு நாளாவது தூக்கிப் பார்க்க வேண்டும்.

இதயத்தைப் பார்க்க வழியே இல்லாத காலத்தில் மருத்துவர்கள் அதைத் தட்டிப் பார்த்தார்கள். 1761இல் ஆஸ்திரியாவின் லியோபோல்ட் ஔவென்பிருகர் இந்த முறையை எழுதினார். அவர் தந்தை விடுதி நடத்தியவர். பீப்பாயில் எவ்வளவு இருக்கிறது என்று தட்டிப் பார்த்த பழக்கத்திலிருந்து அது வந்ததாகச் சொல்வார்கள். சந்தையில் பானையைத் தட்டி வாங்குகிறவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. காற்று நிறைந்த நுரையீரல் ஒரு ஒலி தரும். தசையும் இரத்தமுமான இதயம் மந்தமான ஒலி தரும். மந்த ஒலியின் எல்லையை நெஞ்சில் கோடு போட்டால் இதயத்தின் அளவு ஏறத்தாழத் தெரியும். 1899இல் சுவீடனின் சாலமன் ஹென்ஷன் இப்படித்தான் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர்களைப் போட்டிக்கு முன்னும் பின்னும் தட்டிப் பார்த்தார். அவர்களுடைய இதயம் பெரிதாக இருந்தது. அதிலும் வென்றவர்களின் இதயம் பெரிதாக இருந்தது. இது நோயல்ல, கூடுதல் வேலைக்கு ஏற்ற கூடுதல் உறுப்பு என்று அவர் சொன்னார். அதே ஆண்டில் அமெரிக்காவில் யூஜின் டார்லிங் ஹார்வர்டு படகோட்டிகளிடம் இதே பெருக்கத்தைக் கண்டார்.

எல்லோரும் ஹென்ஷனை ஏற்கவில்லை. பெரிய இதயம் என்றால் நோயாளியின் இதயம் என்பதே மருத்துவமனைகளின் பாடமாக இருந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு–கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி இளைஞர்களின் ஆயுளைக் குறைக்கிறது என்று 1860களில் ஓர் அறுவை மருத்துவர் பத்திரிகையில் எழுதினார். ஜான் மார்கன் என்ற மருத்துவர் 1829 முதல் 1869 வரை போட்டியிட்ட 294 படகோட்டிகளைத் தேடிப் பிடித்து, அவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாகவே வாழ்ந்தார்கள் என்று 1873இல் கணக்குக் காட்டினார். அச்சம் அதோடு ஓயவில்லை. அமெரிக்க மாரத்தான் வீரர் கிளாரன்ஸ் டிமாருக்கு இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்கிறது, ஓடுவதை நிறுத்து என்று மருத்துவர் சொன்னார். அவர் நிறுத்தாமல் 1911க்கும் 1930க்கும் இடையே பாஸ்டன் மாரத்தானை 7 முறை வென்றார். 1958இல் புற்றுநோயால் இறந்தபின் அவருடைய இதயத்தைப் பிரித்துப் பார்த்த மருத்துவர்கள் 1961இல் அறிக்கை வெளியிட்டார்கள்: இதயத் தமனிகள் சாதாரண அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன.

உயிரோடு இருப்பவரின் இதயச் சுவரை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க வழி திறந்தது, மறுபடியும், ஒரு துறைமுகத்தின் வழியாக. 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் கேளா ஒலியை நெஞ்சுக்குள் அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்தார்கள். முதலில் அவர்கள் சோதித்துப் பார்த்தது மால்மோ கப்பல் கட்டும் தளத்திலிருந்த கருவியில். உலோகத் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான கருவி அது. இன்று தென்காசியிலும் திருநெல்வேலியிலும் ‘எக்கோ எடுத்துப் பாருங்க’ என்று சொல்லும் எக்கோவின் பிறப்பு இதுதான்.

1975இல் ஜோயல் மார்கன்ராத்தும் குழுவினரும் எக்கோவை 56 விளையாட்டு வீரர்களிடம் கொண்டுபோனார்கள். ஓட்டக்காரர்கள், நீச்சல்காரர்கள் ஒரு பக்கம். மல்யுத்தக்காரர்கள், குண்டு எறிகிறவர்கள் மறுபக்கம். பயிற்சி இல்லாதவர்களின் இடது கீழறை நிறைந்தபோது சராசரி 101 மில்லிலிட்டர் பிடித்தது; ஓட்டக்காரர்களுக்கு 160, நீச்சல்காரர்களுக்கு 181. மல்யுத்தக்காரர்களுக்கு 110தான். ஆனால் மல்யுத்தக்காரர்களுக்கும் குண்டு எறிகிறவர்களுக்கும் சுவர் 13, 14 மில்லிமீட்டர் தடித்திருந்தது. ஓட்டக்காரர்களின் சுவர் 12க்குள் இருந்தது. அஞ்சலோட்டக்காரரின் அறை அகலும், இளவட்டத்தின் சுவர் தடிக்கும் என்பதாக அந்த முடிவைத் தமிழில் சொல்லிவிடலாம். பாடநூல்கள் பல பத்தாண்டுகள் அதை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தன.

அது பாதி உண்மை. 2000இல் பாபெத் ப்ளூயிம் 59 ஆய்வுகளைச் சேர்த்து 1,451 வீரர்களைப் பார்த்தபோது இரு வகையும் தனித்தனிப் பெட்டிகளாக இல்லை; அறையும் சுவரும் எல்லோரிடமும் ஓரளவு சேர்ந்தே வளர்ந்திருந்தன, அளவில்தான் ஏற்றத்தாழ்வு. படகோட்டிகளும் மிதிவண்டிக்காரர்களும் இரண்டு வளர்ச்சியையும் சேர்த்துக் காட்டினார்கள். கபடியையும் இந்தக் கலப்பு வகையில்தான் வைக்க வேண்டியிருக்கும்: பாடிப் போகிறவர் 30 நொடிக்குள் திரும்ப வேண்டும், நடுவே பிடித்தால் இழுத்துப் போராட வேண்டும், ஆட்டம் முழுவதும் மூச்சு தாங்க வேண்டும். இத்தாலியின் அந்தோனியோ பெல்லிச்சியா 1991இல் 947 முன்னணி வீரர்களை அளந்தபோது 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ சுவர் இருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. யாருக்கும் 16ஐத் தாண்டவில்லை. அறையின் குறுக்களவோ மிகவும் மாறுபட்டது. 1999இல் அவர் 1,309 பேரை அளந்தபோது ஏழில் ஒருவருக்கு 60 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தது. நோயாளியிடம் பார்த்தால் மருத்துவர் கவலைப்படும் அளவு அது.

இவ்வளவு காலமும் எல்லோரும் பார்த்தது அளவை: எவ்வளவு பெரிது, எவ்வளவு தடிப்பு. இதயம் எப்படி நிறைகிறது என்ற கேள்வி கடைசியாகத்தான் வந்தது. அதுவே முதலில் வந்திருக்க வேண்டிய கேள்வி. கமலை இறைத்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. சால் கிணற்றுக்குள் முழுதாய் முங்கி நிறைந்தால்தான் மாடுகள் இழுப்பதில் பொருள் உண்டு. அவசரமாக மாட்டை ஓட்டினால் பாதிச் சால்தான் மேலே வரும். நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்புக்கு ஒரு நொடி. அதில் பாதிக்கு மேல் நிறைவதற்குக் கிடைக்கிறது. 180 துடிப்பில் ஒரு துடிப்புக்கு மூன்றில் ஒரு நொடிதான், அதிலும் நிறைவதற்குக் கிடைப்பது மிகச் சிறிய பங்கு. வேகமாகத் துடிக்கத் துடிக்க நிறையும் நேரமே முதலில் சுருங்குகிறது. ஆகவே ஓடுகிறவரின் திறமை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறார் என்பதைவிட, அந்தக் கண நேரத்தில் எவ்வளவு விரைவாகவும் எளிதாகவும் நிறைகிறார் என்பதில்தான் இருக்கிறது. நிறைந்தால் தள்ளுவது தானாக நடக்கும். இழுத்து நீட்டப்பட்ட இதயத் தசை அதிக பலத்தோடு சுருங்கும் என்று ஜெர்மனியில் ஓட்டோ ஃபிராங்கும் இங்கிலாந்தில் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் நூறாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள்.

நிறைதல் என்பது சும்மா இருந்து நிரம்புவதல்ல. இடது கீழறை சுருங்கும்போது ஈர வேட்டியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்கிறது. தளரும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து மேலறையிலிருந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. தசை தளர்வதற்கும் ஆற்றல் செலவாகிறது, ஏனெனில் சுருக்கத்துக்காக வெளிவந்த கால்சியத்தை உள்ளே திருப்பி இறைக்க வேண்டும். 1980களில், இரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் டாப்ளர் எக்கோ பரவியபோது இந்த நிறைதலைப் படமாகவே பார்க்க முடிந்தது. முதலில் ஓர் உயரமான அலை: தளர்ந்த அறை தானே உறிஞ்சிக்கொள்வது. அதை ‘ஈ’ அலை என்பார்கள். பிறகு ஒரு சிறிய அலை: மேலறை சுருங்கி மிச்சத்தைத் தள்ளுவது. அது ‘ஏ’ அலை. இளைஞர்களிடம் ‘ஈ’ பெரிது. வயது ஏற ஏற அறையின் சுவர் விறைத்து ‘ஈ’ தாழ்கிறது, ‘ஏ’ எழுகிறது. ஒரு கட்டத்தில் உயரம் தலைகீழாகிறது. நெடுநாள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களிடம் இது விரைவிலேயே நடக்கும். நெடுந்தூரப் பயிற்சி உள்ளவர்களிடம் சுவர் ஓரளவு தடித்திருந்தாலும் ‘ஈ’ அலை உயர்ந்தே நிற்கிறது. ஒரே தடிப்பு, இரண்டு வேறு இதயங்கள்: ஒன்று இளகும், மற்றது இளகாது.

அமெரிக்காவின் டல்லஸில் பெஞ்சமின் லெவினும் அவருடன் இருந்தவர்களும் 1991இல் இதயத்துக்குள் அழுத்தத்தையும் கொள்ளளவையும் சேர்த்து அளந்தார்கள். நெடுந்தூர வீரர்களின் இதயம் ஒரே அழுத்தத்தில் மற்றவர்களைவிட அதிகம் நிறைந்தது. புதுத் தோல் பைக்கும் பழகிய தோல் பைக்கும் உள்ள வேறுபாடு. அதற்கு ஒரு விலையும் உண்டு. எழுந்து நின்று இரத்தம் கால்களுக்கு இறங்கும்போது, எளிதில் விரியும் அறை எளிதில் சுருங்கவும் செய்வதால் சிலருக்குத் தலை கிறுகிறுக்கிறது. அதே டல்லஸில் 1966இல் 20 வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்தார்கள். உடல் உழைப்புத் திறன் கால் பங்குக்கும் மேல் விழுந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் அழைத்து அளந்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்ததைவிட மூன்று வாரப் படுக்கை அதிகக் கெடுதல் செய்திருந்தது. ஆடிப்பாடி இருந்த கிழவி கீழே விழுந்து படுத்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை என்று ஊரில் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

எத்தனை பயிற்சிக்கு எவ்வளவு பலன் என்பதையும் லெவினின் குழு அளந்தது. பல பத்தாண்டுகளாக வாரத்துக்கு 2, 3 நாள் பயிற்சி செய்த முதியவர்களின் இதயம், உட்கார்ந்தே இருந்தவர்களின் இதயத்தைப் போலவே விறைத்திருந்தது. 4, 5 நாள் செய்தவர்களின் இதயம்தான் இளகி இருந்தது. 2018இல் வெளிவந்த ஆய்வில், 45 முதல் 64 வயதுள்ள, அதுவரை உட்கார்ந்தே இருந்தவர்கள் இரண்டு ஆண்டுகள் வாரத்துக்கு 4, 5 நாள் பயிற்சி செய்தபோது உடல் திறன் 18 விழுக்காடு கூடியது. இதயத்தின் விறைப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. எழுபது வயதளவில் தொடங்கினால் அந்த இளக்கம் அவ்வளவாகத் திரும்புவதில்லை என்பதை அவர்களுடைய முந்தைய ஆய்வு ஒன்று காட்டியிருந்தது.

வளர்ச்சியின் வரிசையும் மார்கன்ராத்தின் பிரிவுக்குள் அடங்கவில்லை. பயிற்சியே இல்லாத 12 பேரை ஓராண்டு கடுமையாக ஓடவைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தபோது, இடது கீழறையின் தசை எடை முதலில் கூடியது. அறை அகன்றது ஆறு மாதத்துக்குப் பின்புதான். காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்று விடியற்காலையில் மைதானங்களைச் சுற்றும் தென்காசி மாவட்டத்து இளைஞர்கள் மூன்று மாதத்தில் பெறுவது பெரும்பாலும் வேறு லாபங்கள்: இரத்தத்தின் அளவு கூடுகிறது, கால் தசைகள் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளப் பழகுகின்றன, ஓய்வில் நாடி குறைகிறது. அறை அகல்வதற்குள் தேர்வு முடிந்துவிடும்.

நிறுத்தினால் என்ன ஆகும்? சுவரின் தடிப்பு சில மாதங்களிலேயே பழைய அளவுக்கு வந்துவிடும். அறையின் அகலம் அவ்வளவு கீழ்ப்படியாது. பெல்லிச்சியா 40 முன்னாள் வீரர்களைச் சராசரி ஐந்தரை ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அறை அகன்றே இருந்தது.

இந்த அளவுகள் மருத்துவருக்கு முக்கியமாவது ஒரு சங்கடமான எல்லையில். பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பு நோய், விளையாட்டு வீரர்கள் களத்திலேயே திடீரென இறப்பதற்கான காரணங்களில் ஒன்று. 13 முதல் 15 மில்லிமீட்டர் சுவரோடு வரும் இளைஞர் வீரரா நோயாளியா என்று அளவு மட்டும் சொல்லாது. அப்போது பார்ப்பது நிறைதலைத்தான்: அறை அகன்று, ‘ஈ’ அலை உயர்ந்து, தசை வேகமாகத் தளர்ந்தால் பயிற்சியின் இதயம்; அறை சிறுத்து, தளர்வு மந்தமாக இருந்தால் நோயின் இதயம். ஐயம் தீராவிட்டால் மூன்று மாதம் பயிற்சியை நிறுத்திப் பார்ப்பார்கள். இத்தாலி 1982 முதல் போட்டி வீரர்கள் அனைவருக்கும் ஈசிஜி உள்ளிட்ட சோதனையைச் சட்டமாக்கியது. வேனெத்தோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் அதன்பின் வெகுவாகக் குறைந்தது என்று 2006இல் கணக்கு வந்தது.

இந்த எல்லை தெற்காசியர்களுக்கு இன்னும் நுட்பமானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆய்வாளர்கள் ஐதராபாத் ஆய்வுக்கூடத்தோடும் மற்றவர்களோடும் சேர்ந்து 2009இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம் இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது, அது பிற்காலத்தில் இதயச் செயலிழப்போடு தொடர்புடையது. இளமையில் அது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றிய நூறு பேரில் நாலு பேரின் நெஞ்சிலும் அது இருந்திருக்கக்கூடும். கல்லுக்கு அது தெரியாது.

கடையநல்லூர் வட்டாரத்தில் இளவட்டத்தின் பாரம் இன்று கல்லிலிருந்து இரும்புத் தட்டுகளுக்கு மாறிவிட்டது. பாவு ஓடிய தெருக்களில் இருசக்கர வண்டிகள் ஓடுகின்றன. தென் மாவட்ட ஊர்கள் பலவற்றில் கல் மட்டும் அதே இடத்தில் கிடக்கிறது, சில இடங்களில் சாலை உயர்ந்ததால் பாதி மண்ணுக்குள்.